தொண்டியைப் படிக்கக் காரைக்குடியில் தொடங்குங்கள்

தேவகோட்டையில் புவியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ‘வெப்பமண்டலக் கடற்கரை ஊர் ஒன்றின் நில அமைப்பும் காலநிலையும்’ என்று செயல்திட்டம் கொடுத்தால் நம் பக்கத்துப் பிள்ளைகள் சென்னையையோ கொழும்பையோ எடுத்துக்கொண்டு, செல்போனில் கிடைப்பதை அப்படியே தாளில் இறக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் மனத்தாங்கல் உண்டு. காரைக்குடியில் பஸ் ஏறினால் தேவகோட்டை, திருவாடானை, அப்புறம் தொண்டி. கொச்சியில் புறப்பட்டு மூணாறு, தேனி, மதுரை, சிவகங்கை வழியாக வரும் தேசிய நெடுஞ்சாலை 85 வந்து முடியும் ஊர் அது. பாண்டியர் காலத்துத் துறைமுகம். அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை அங்கேதான் இருக்கிறது. இத்தனை பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர் இருக்கும்போது வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

ஆனால் நேரே கடற்கரையில் போய் இறங்கி, அங்கேயே நின்று குறிப்பெடுத்தால் பாதிதான் கிடைக்கும். கடலோரத்து வெயில் எப்படிப்பட்டது என்பது உள்நாட்டு வெயிலோடு வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அங்கே மண் ஏன் அப்படி இருக்கிறது, கிணறு ஏன் உப்புக் கரிக்கிறது என்பதெல்லாம் மேட்டிலிருந்து தண்ணீரோடு சேர்ந்து இறங்கி வந்தால்தான் பிடிபடும். அதனால் நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த முறை ஒன்றே ஒன்று: எதை அளந்தாலும் காரைக்குடியில் ஒரு தடவை, தொண்டியில் ஒரு தடவை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுது. கீழே சொல்லியிருப்பதெல்லாம் அந்த முறைதான்.

கிளம்புமுன் வரைபடம்

காரைக்குடி வட அட்சரேகை 10 டிகிரியைச் சற்றே தாண்டி இருக்கிறது. தொண்டி அதற்குக் கொஞ்சம் தெற்கே, 9.7 டிகிரியில். இரண்டுக்கும் நேர்க்கோட்டில் 45 கிலோமீட்டர் அளவு வரும். காரைக்குடி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 80 மீட்டர் உயரம். 80-ஐ 45-ஆல் வகுத்துப் பாருங்கள். கிலோமீட்டருக்கு 2 மீட்டர்கூட இல்லை. கண்ணுக்குத் தெரியாத சரிவு. நம் வட்டாரம் முழுவதையும் ஆக்கி வைத்திருப்பது இந்தச் சரிவுதான்.

செல்போனில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து காரைக்குடியிலிருந்து தென்கிழக்காக மெதுவாக நகர்த்துங்கள். ஒன்றன்பின் ஒன்றாகக் கண்மாய்கள் வரும். ஒவ்வொன்றிலும் கரை எந்தப் பக்கம் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். பெரும்பாலும் கிழக்கிலும் தென்கிழக்கிலும் வளைந்த கரை. மேற்குப் பக்கம் திறந்து கிடக்கும். மேற்கிலிருந்து வரும் தண்ணீரை மண்கரை போட்டு மறித்திருக்கிறார்கள். மேல் கண்மாய் நிறைந்தால் மறுகால் பாய்ந்து கீழ்க் கண்மாய்க்கு. இப்படிப் படிப்படியாக இறங்கி, மிஞ்சியது பாம்பாறு போன்ற சிற்றாறுகளின் வழியே பாக் விரிகுடாவை அடைகிறது. சரிவு இன்னும் கொஞ்சம் செங்குத்தாக இருந்திருந்தால் இந்த மண்கரைகள் நின்றிருக்காது. திருவாடானைக்குத் தெற்கே ராஜசிங்கமங்கலத்துக் கண்மாயைத் தவறாமல் தேடிப் பாருங்கள். ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று ஊரில் சொல்வது அதைத்தான். நாரை ஒரே மூச்சில் பறந்து கடக்க முடியாத நீளம் அதன் கரை.

படத்தைக் கடலுக்குள் நகர்த்துங்கள். எதிரே இலங்கை. தெற்கே பாம்பன், ராமேசுவரம் தீவு, அதைத் தொட்டு மணல்திட்டுகள். தொண்டிக் கடல் மூன்று பக்கமும் ஓரளவு அடைபட்ட கடல். ஆழமும் இல்லை, பாக் விரிகுடாவின் சராசரி ஆழம் 10 மீட்டரை ஒட்டித்தான். இந்த இரண்டையும் நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். பின்னால் அலை, புயல், மீன் என்று எதைப் பற்றி எழுதினாலும் இது வேண்டியிருக்கும்.

எப்போது போவது, என்ன கொண்டுபோவது

ஒரே தடவை போய்விட்டுக் காலநிலையை எழுத முடியாது. அன்றைய வானிலையைத்தான் எழுத முடியும். குறைந்தது இரண்டு தடவை: சித்திரை வைகாசியில் ஒன்று, ஐப்பசி கார்த்திகையில் ஒன்று. முடிந்தால் ஆடியிலும் தையிலும் போங்கள். ஐப்பசி கார்த்திகையில் போகும்போது வானிலை மையத்தின் எச்சரிக்கையை முதல் நாளே பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும். மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்று சொல்லியிருக்கும் நாளில் பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப் போகவே கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அப்போது போனால் கடலுக்குப் போகிற பரபரப்பு குறைந்திருக்கும். மீனவர்களிடம் உட்கார்ந்து பேசலாம்.

சாமான்கள் அதிகம் வேண்டாம். சாதாரணத் தெர்மாமீட்டர் இரண்டு, பழைய வேட்டித் துணியில் கிழித்த ஒரு கீற்று, மூடியுள்ள கண்ணாடி பாட்டில்கள், ஒரு திசைகாட்டி, ஒரு மீட்டர் நீளக் குச்சி, மெல்லிய ரிப்பன், நோட்டு. அடிப்பக்கமும் வாயும் ஒரே அகலத்தில் இருக்கும் ஒரு டப்பா. அவ்வளவுதான். குடிதண்ணீரும் மோரும் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள்.

வழியில் மண்ணைப் பாருங்கள்

கானாடுகாத்தான், காரைக்குடிப் பக்கம் செம்மண்ணும் செம்புராங்கல்லும். கிணறு தோண்டும் இடத்தில் நின்று பார்த்தால் சிவப்பும் மஞ்சளுமாக ஓட்டை ஓட்டையாக வெட்டி எடுக்கிற கல். வெப்பமும் மழையும் மாறி மாறி நெடுங்காலம் மண்ணைக் கழுவி, கரையக்கூடியது எல்லாம் கரைந்து போய், இரும்பும் அலுமினியமும் தங்கிவிட்டதால் வந்த கல் அது. செட்டிநாட்டின் சிவப்பு இரும்பின் துருதான். இந்தக் கல்லே உங்கள் செயல்திட்டத்தில் காலநிலைக்கு முதல் சாட்சி.

தேவகோட்டையைத் தாண்டித் திருவாடானைப் பக்கம் வரும்போது சிவப்பு மங்கும். களியும் கரிசலும் கலந்த மண், வெட்ட வெளியாக வயல்கள். ராமநாதபுரம் மாவட்டத்தின் நெற்களஞ்சியம் என்று பெயர் வாங்கிய பகுதி இது. ஆவணி புரட்டாசியில் போனால், மழை பெய்யுமுன் காய்ந்த புழுதியிலேயே நெல்லை விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக் காத்திருப்பதைக் காணலாம். ஐப்பசியில் மழை வரும் என்ற நம்பிக்கையில் விதைப்பது. வடகிழக்குப் பருவமழையைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதுவதைவிட, அந்த வயலில் விதைத்த தேதி எது, முளைத்த தேதி எது என்று ஒரு சம்சாரியிடம் கேட்டு எழுதினால் அதற்கு மதிப்பு அதிகம்.

தொண்டியை நெருங்கும்போது மணலும் வண்டலும். பள்ளமான இடங்களில் மண் மேல் வெள்ளையாகப் பூத்திருக்கும் உவர். பனை, உடைமரம், சீமைக்கருவேலம். ஓரியூர் வழியாகப் போகிறவர்கள் பாம்பாற்றங்கரையில் இறங்கலாம். 1693-இல் கிறித்தவத் துறவி அருளானந்தர் வெட்டுண்ட இடம் என்பதால் அங்கே மணல் சிவந்தது என்பது மக்களின் நம்பிக்கை. அதை வணக்கத்தோடு கேட்டுக்கொள்ளுங்கள், மண்ணையும் பாருங்கள்.

மூன்று இடத்திலும் ஒரு கைப்பிடி மண் எடுத்து, தனித்தனி பாட்டிலில் போட்டு, முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் உடனே அடியில் தங்கும், வண்டல் அதற்கு மேல், களி கலங்கலாக நெடுநேரம் மிதக்கும். மறுநாள் காலையில் ஒவ்வொரு பாட்டிலிலும் அடுக்குகளின் உயரத்தை அளவுகோலால் அளந்து எழுதுங்கள். திருவாடானை பாட்டில் மறுநாளும் தெளிந்திருக்காது. ஏன் அங்கே தண்ணீர் நிற்கிறது, நெல் விளைகிறது என்று பிள்ளைகள் தாங்களே சொல்லிவிடுவார்கள்.

வெயிலும் புழுக்கமும்

முதலில் சூரியன். நாம் 10 டிகிரியை ஒட்டி இருப்பதால் வருடத்தில் இரண்டு தடவை சூரியன் நேர் உச்சியில் வரும்: ஏப்ரல் நடுவில், அதாவது சித்திரை பிறக்கும் சமயம், அப்புறம் ஆகஸ்ட் கடைசி வாரம். குச்சியைச் செங்குத்தாக நட்டுப் பாருங்கள், நிழல் காலடியில் ஒடுங்கிவிடும். 12 மணிக்குப் பார்க்கக் கூடாது. நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு வைத்தது, நாமோ 79-ஐ ஒட்டி இருக்கிறோம். அதனால் நமக்கு உச்சிப் பொழுது 12 மணி 15 நிமிடத்தை ஒட்டி. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் இங்கே பகல் நீளம் அதிகம் மாறாது. வருடத்தின் நீளமான பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் வித்தியாசம். குளிர்காலம், வெயில்காலம் என்று பிரிப்பதைவிட மழை உள்ள மாதம், இல்லாத மாதம் என்று பிரிப்பது நமக்குப் பொருந்துவது இதனால்தான்.

அப்புறம் தெர்மாமீட்டர். ஒன்றை அப்படியே நிழலில் தொங்கவிடுங்கள். இன்னொன்றின் குமிழில் துணிக்கீற்றைச் சுற்றி நனைத்து, விசிறியால் நன்றாக வீசி, அளவு இறங்கி நின்றதும் குறியுங்கள். சித்திரையில் பிற்பகல் 2 மணிக்குக் காரைக்குடியில் காய்ந்தது 38, 39 காட்டும்; நனைந்தது அதைவிடப் பத்து டிகிரிக்கு மேல் குறைவாக நிற்கும். தொண்டியில் காய்ந்ததே மூன்று நான்கு டிகிரி குறைவு. ஆனால் நனைந்ததற்கும் அதற்கும் இடைவெளி ஐந்தாறு டிகிரிதான். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் துணியிலுள்ள தண்ணீர் ஆவியாக இடமில்லை. நம் உடம்பு வியர்வையும் அப்படித்தான். ‘கடற்கரையில் வெப்பம் குறைவு’ என்று பாடநூல் வரியை எழுதிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். உடம்புக்கு எந்த ஊர் கஷ்டம் என்பதையும் எழுதுங்கள்.

இரவிலும் ஒரு தடவை அளக்க வேண்டும். தை மாதத்து விடியற்காலையில் காரைக்குடி இருபது, இருபத்தொன்றுக்கு இறங்கும். கடலோரம் அவ்வளவு இறங்காது. கடல்நீர் மெதுவாகச் சூடேறி மெதுவாகக் குளிரும். அதனால் பகலுக்கும் இரவுக்கும் உள்ள வித்தியாசம் தொண்டியில் ஐந்தாறு டிகிரி, நம் பக்கம் பத்தைத் தாண்டும். ஒரு வரியில் சொல்லச் சொன்னால் கடற்கரைக் காலநிலை என்பது இதுதான்.

கருவி இல்லாதவர்கள் சமையலறைக்குப் போகலாம். என் தங்கை தொண்டியில் வாழ்க்கைப்பட்டவள். மோர்மிளகாய், வடகம் போடுவதென்றால் சித்திரையில் தேவகோட்டைக்கு வந்து எங்கள் மொட்டை மாடியில் காயவைத்து எடுத்துப் போவாள். அங்கே பகலெல்லாம் காய்ந்து கலகலவென்று இருக்கும் மிளகாய் பொழுது சாய்ந்ததும் தொய்ந்துவிடும். அவள் வீட்டு அடுப்படியில் உப்பு ஜாடியைத் திறந்தால் மேல் அடுக்கு கசிந்து, ஜாடியின் உள்சுவரில் நீர்க்கோடு தெரியும். அடியில் கட்டியாக இறுகியிருக்கும். ஜாடிக்குள் ஒரு பிடி அரிசி போட்டு வைத்திருப்பாள். எங்கள் வீட்டு ஜாடியில் கார்த்திகை மாதம் தவிர அப்படி ஆவதில்லை. ஒரே கடையில் வாங்கிய உப்பை இரண்டு வீட்டிலும் திறந்த கிண்ணத்தில் வைத்து, நாள்தோறும் எடை போட்டு எழுதச் சொல்லுங்கள். அருமையான பாடம்.

காற்று

இந்தச் செயல்திட்டத்தின் உயிர் காற்றில் இருக்கிறது. இதற்கு மட்டும் நேரத்தைத் தாராளமாக ஒதுக்குங்கள்.

பகலில் நிலம் சீக்கிரம் சூடேறும், அதன் மேலுள்ள காற்று எழும்பும், அந்த இடத்துக்குக் கடலிலிருந்து காற்று வரும். இரவில் தலைகீழ். இது எல்லோரும் படித்தது. கடற்காற்று உள்ளே எவ்வளவு தூரம் வருகிறது என்று நம் பிள்ளைகளே கண்டுபிடிக்கலாம். தொண்டியில் ஒருவர், திருவாடானையில் ஒருவர், தேவகோட்டையில் ஒருவர், காரைக்குடியில் ஒருவர். அத்தை, சித்தப்பா, கூடப் படிக்கிறவர் என்று யாராவது இருப்பார்கள். நால்வரும் மொட்டை மாடியில் மறைப்பில்லாத இடத்தில் ஒரு குச்சி நுனியில் ரிப்பன் கட்டி, காலை 10 மணி முதல் இரவு 8 வரை அரை மணிக்கு ஒரு தடவை ரிப்பன் பறக்கும் திசையைக் குறிக்க வேண்டும். பங்குனி சித்திரை நாட்களில் செய்யுங்கள். தொண்டியில் உச்சிப் பொழுதுக்கு முன்பின்னாகக் காற்று திரும்பிக் கிழக்கிலிருந்து வீசத் தொடங்கும். அந்தத் திருப்பம் திருவாடானைக்கு எப்போது வந்தது, தேவகோட்டைக்கு எப்போது என்று மணியைக் குறித்தால், தூரத்தை நேரத்தால் வகுத்துக் கடற்காற்றின் வேகத்தையே சொல்லிவிடலாம். காரைக்குடியில் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது திடீரென்று குளுகுளுவென்று கிழக்கிலிருந்து ஒரு வீச்சு வரும், அனுபவித்திருப்பீர்கள். சில மணி நேரத்துக்கு முன் தொண்டிக் கடல் மேல் இருந்த காற்று அது.

ஆடியில் இதே சோதனையைச் செய்தால் விடை மாறும். அப்போது மேற்கிலிருந்து மேல்காற்று அடித்துக்கொண்டிருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, காய்ந்து இறங்கி நம்மைத் தாண்டிக் கடலுக்குப் போகிறது. கடற்காற்றால் அதை எதிர்த்து உள்ளே ஏற முடியாது, அல்லது பொழுது சாயும் நேரத்தில்தான் ஏறும். இரண்டும் முட்டிக்கொள்ளும் இடத்தில் காற்று மேலே எழும்பி இடிமேகம் திரளும். ஆவணி புரட்டாசியில் சாயங்காலம் இடித்து, ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு, அடுத்த தெருவில் தூறலே இல்லாமல் போகிற மழை இப்படி வருவதுதான். காரைக்குடி, தேவகோட்டைக்கு அந்த மாதங்களில் கிடைக்கும் மழை கடலோரத்துக்குக் கிடைக்காமல் போவதும் இதனால்தான். மேகம் திரளும் கோடு உள்நாட்டில் விழுகிறது.

காற்றைப் பற்றிக் கேட்க மீனவர்களைவிட நல்ல ஆசிரியர் இல்லை. வாடை வடக்கிலிருந்து, கொண்டல் கிழக்கிலிருந்து, சோழகம் தெற்கிலிருந்து, கச்சான் மேற்கும் தென்மேற்கும். மரியாதையாக, வலை பின்னும் நேரத்தில் போய், “அண்ணே, இப்ப என்ன காத்து?” என்று கேளுங்கள். ஒரு முறை ஒருவர் தலையை நிமிர்த்தாமலே, “வாடை விழுந்திருச்சு டீச்சர், இன்னைக்கு ராத்திரி கரைக்காத்துத்தான்” என்றார். கன்னத்தில் படுகிற ஈரத்தை வைத்தே சொல்லிவிட்டார். பிள்ளைகள் திசைகாட்டியை எடுத்துச் சரிபார்த்தார்கள், சரியாக இருந்தது. அவர் சொன்னதை ஒரு பத்தியில், கருவி சொன்னதை இன்னொரு பத்தியில் எழுத வைத்தேன்.

மழை

நேர்ச்சுவர் டப்பாவை மரம், கூரை எதுவும் மறைக்காத இடத்தில் வையுங்கள். தினமும் காலை 8.30-க்கு உள்ளிருக்கும் தண்ணீரின் உயரத்தை மில்லிமீட்டரில் அளந்து எழுதிவிட்டுக் கொட்டிவிடுங்கள். இந்திய வானிலைத் துறையின் மழைநாள் கணக்கும் 8.30-க்குத்தான் தொடங்குகிறது. 2.5 மி.மீ. பெய்தால்தான் அது கணக்கில் மழைநாள். 64.5 மி.மீ.-ஐத் தொட்டால் கனமழை. செய்தித்தாளில் மாவட்ட மழையளவு போடும்போது காரைக்குடி, தேவகோட்டை, திருவாடானை, தொண்டி எல்லாம் தனித்தனியாக வரும். உங்கள் டப்பாவோடு ஒப்பிடுங்கள்.

1 மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் 1 லிட்டர். பிள்ளைகளுக்கு இது மனத்தில் தங்க, செட்டிநாட்டு வீட்டு முற்றத்தைக் காட்டுங்கள். நான்கு பக்க ஓட்டுக்கூரையும் உள்நோக்கிச் சரிந்து, மழை அத்தனையும் முற்றத்தில் விழும். அண்டாவும் கிடாரமும் வைத்துப் பிடிப்பார்கள், மிஞ்சியது வெளியேறும். முற்றத்துக்குச் சரியும் கூரை 1000 சதுர அடி என்று வைத்துக்கொண்டால் அது 93 சதுர மீட்டர். ஒரு ராத்திரி 25 மி.மீ. பெய்தால் 2,300 லிட்டருக்கு மேல். ஊருணிகளை வெட்டி, வரத்துக்கால் விட்டுக் காத்தவர்களுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருந்தது. நகரத்தார் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து கடல்கோளுக்குத் தப்பி இங்கே வந்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லி வருவது. மழை குறைந்த மேட்டு நிலத்தில் வீட்டை இவ்வளவு உயரமான அடித்தளத்தில் கட்டியதற்கு அந்த நினைவைக் காரணம் சொல்வார்கள்.

வருட மழை சிவகங்கை, ராமநாதபுரம் இரண்டு மாவட்டத்திலும் பொதுவாக 800, 900 மி.மீ. அளவில் நிற்கும். அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை. கடலோரத்தில் அந்தப் பங்கு இன்னும் அதிகம். தொண்டிக்காரருக்கு ஐப்பசி கார்த்திகை பொய்த்தால் வருடமே பொய்த்ததுதான். திருப்பத்தூர் பக்கத்து வேட்டங்குடிக் கண்மாய்க்கு வெளியூர்ப் பறவைகள் வந்து கூடு கட்டுவதும் இந்த மழைக்குத்தான். அவை கலையக் கூடாது என்று தீபாவளிக்கும் வெடி வெடிக்காத ஊர்க்காரர்கள் அங்கே இருக்கிறார்கள். அது தொண்டி போகிற வழியில் இல்லை, முடிந்தால் தனியாக ஒரு நாள் போய்ப் பாருங்கள்.

கடல்

தொண்டிக் கரையில் நின்றதும் பிள்ளைகள் கேட்பது, “டீச்சர், அலையே இல்லையே?” வரைபடத்தில் அடிக்கோடு போட்டது இங்கே உதவும். இந்தியப் பெருங்கடலின் நெட்டலை இலங்கையிலும் ராமேசுவரம் தீவிலும் மணல்திட்டுகளிலும் தடுக்கப்படுகிறது. வந்தாலும் ஆழமில்லாத தரையில் உரசி அடங்கிவிடும். ஆடியில் கச்சான் கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கடல் இன்னும் அமைதி. கார்த்திகை மார்கழியில் வாடை திறந்த வடகிழக்கு வாயிலிருந்து தள்ளும்போதுதான் கலங்கிப் புரளும். ராமேசுவரம் தீவுக்குத் தெற்கே மன்னார் வளைகுடாவில் இது நேர்மாறு. ஆடியில் அங்கே கொந்தளிப்பு.

ஏற்றம் வற்றத்தை அளக்க, படகுத்துறைத் தூணில் சாக்பீஸால் கோடு போட்டு மணிக்கு ஒரு தடவை குறியுங்கள். ஏறி இறங்குவது ஒரு மீட்டர்கூட இருக்காது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் போனால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். மறுநாள் அதே ஏற்றம் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளி வரும். சரிவு குறைந்த கரை என்பதால் ஒரு முழம் தண்ணீர் இறங்கினாலே சேறு வெகுதூரம் வெளியே தெரியும்.

வாடைக்காலத்தில் கரையோரம் கடற்புல் குவிந்து கிடக்கும். குப்பை என்று தாண்டிப் போக வேண்டாம். ஆழமில்லாத, வெளிச்சம் படுகிற தரை இருப்பதால்தான் அந்தப் புல். அதை மேய்ந்துதான் கடற்பசு வாழ்கிறது. 2022-இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அரசு அறிவித்தது. தொண்டிக்கு வடக்கே அதே விரிகுடாவில்தான்.

தொண்டிக்குத் தெற்கே காரங்காட்டுக்கும் போங்கள். வனத்துறை படகில் அலையாத்திக் காட்டுக்குள் கூட்டிப் போவார்கள். வற்றம் உள்ள நேரமாகக் கேட்டுப் போனால் சேற்றில் பென்சில்களைக் குத்தி வைத்ததுபோல் ஆயிரக்கணக்கில் மூச்சுவேர்கள் நிமிர்ந்து நிற்பது தெரியும். சேற்றுக்குள் காற்று இல்லாததால் மேலே வந்து சுவாசிக்கிற வேர்கள். இலையின் அடிப்பக்கத்தை விரலால் தடவி நாக்கில் வைத்துப் பாருங்கள், உப்பு.

புயலைப் பற்றி ஒரு பக்கமாவது எழுத வேண்டும். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டது. பாம்பனிலிருந்து வந்த ரயிலும் போனது. ஆழமில்லாத கடலில் புயல் தள்ளும் தண்ணீருக்குப் போக இடமில்லாமல் கரையேறும் என்பதற்கு அது சாட்சி. 2004 சுனாமியில் இலங்கை மறைத்ததால் பாக் விரிகுடாக் கரை நாகப்பட்டினம் அளவுக்குச் சேதப்படவில்லை. 2018 நவம்பர் 16 அன்று கஜா வேதாரண்யம் பக்கம் கரை கடந்து புதுக்கோட்டை வழியே உள்ளே வந்தபோது மேட்டுநிலத்து மரங்களும் சாய்ந்தன. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கஜா அன்று காற்று எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்கு மாறியது என்று கேட்டு எழுதுங்கள். புயலின் கண் எந்தப் பக்கமாகப் போனது என்று அதிலிருந்தே கணிக்கலாம்.

கிணறும் துருவும்

கடலோரத்தில் நிலத்தடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால், அதன் கீழே 40 மீட்டர் வரை உப்புத் தண்ணீரை அமுக்கி வைத்திருக்கும் என்பது கணக்கு. மோட்டார் வைத்து மேலே 1 மீட்டர் உறிஞ்சினால் கீழே உப்பு 40 மீட்டர் ஏறிவர வழியாகிவிடும். கரையிலிருந்து உள்ளே போகப் போக நான்கைந்து கிணறுகளில் வீட்டுக்காரரிடம் கேட்டு, தண்ணீர் எடுத்து, சோப்பு நுரைக்கிறதா என்று பாருங்கள். உப்பேறிய தண்ணீரில் நுரை வராது.

துருவுக்கு எளிய சோதனை: ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இரும்பு ஆணிகளை எடைபோட்டு, பாதியைக் காரைக்குடி வராந்தாவிலும் பாதியைத் தொண்டியில் கரையோர வீட்டு வராந்தாவிலும் நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். ஆறு மாதம் கழித்துத் துருவைச் சுரண்டிவிட்டு மறுபடி எடைபோடுங்கள். காரைக்குடியில் 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இதே கேள்வியைப் பெரிய அளவில் ஆராய்கிறது; கடல்காற்றில் உலோகங்களை வைத்துப் பார்க்க மண்டபத்தில் தனி நிலையமே வைத்திருக்கிறது. உலோக அரிப்பை ஆராயும் இடம் உள்ளூரிலேயே இருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

எழுதும்போது

நீளமான ஒரு தாளைக் குறுக்கே வைத்து, இடது ஓரம் காரைக்குடி, வலது ஓரம் கடல் என்று குறுக்குவெட்டுப் படம் வரையுங்கள். 80 மீட்டரில் தொடங்கி இறங்கும் கோடு, அதன் மேல் ஊர்கள், கண்மாய்கள், அடியில் மண்ணின் நிறம். மேலே மாதவாரியாகக் காற்றின் அம்புக்குறி. ஒவ்வொரு ஊருக்கும் கீழே நீங்கள் அளந்த வெப்பம், ஈர வித்தியாசம், மழை. பாடநூலிலிருந்தோ செய்தித்தாளிலிருந்தோ எடுத்த எண்ணை வேறு மையில் எழுதுங்கள். ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் தேதி, மணி, நின்ற இடம், அளந்தவர் பெயர் கட்டாயம். அளக்க முடியாமல் போன மாதத்துக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுங்கள், அடுத்த வகுப்புப் பிள்ளைகள் அதே தூணில் அதே கோட்டிலிருந்து அளந்து நிரப்பட்டும்.